மளிகைக் கடைப் பையனும் தபால் மானியமும்

வ.உ.சி.யின் கதையைக் கேட்டு வளர்ந்த யாருக்கும் அந்தக் கம்பெனியின் பெயர் தெரியும். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, சுருக்கமாக பி.ஐ. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் ஓடத் தொடங்கியதும் அது கட்டணத்தை வெட்டியது, பிறகு சும்மாவே ஏற்றிச் செல்கிறோம், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்றது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். பள்ளி நாடகங்களில் இந்தக் கம்பெனிக்கு முகம் கிடையாது. தொப்பி வைத்த துரை ஒருவர் மேடையில் ஏறுவார், கைத்தடியை ஆட்டுவார், இறங்கிவிடுவார்.

அந்தத் துரைக்குப் பின்னால் உண்மையில் யார் இருந்தார் என்று தேடினால் கிடைக்கும் மனிதர் 1906இல் உயிரோடு இல்லை. சுதேசிக் கம்பெனி பதிவாவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே இறந்துபோயிருந்தார். பெயர் வில்லியம் மக்கினன். பரம்பரைப் பிரபு அல்லர், இராணுவத்தில் இருந்தவரும் அல்லர். மளிகைக் கடையில் வேலை பழகியவர். விக்டோரியா காலத்து வணிகர்களில் ராக்ஃபெல்லர் போலவோ ரோட்ஸ் போலவோ பெயர் நிலைக்காதவர். ஆனால் ரங்கூன், பஸ்ரா, ஜான்சிபார், பிரிஸ்பேன் என்று அவருடைய கப்பல்கள் போகாத துறைமுகம் அந்தப் பெருங்கடலில் குறைவு.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கின்டையர் என்றொரு நீண்ட தீபகற்பம் இருக்கிறது. அதன் தெற்கு மூலையில் விஸ்கி காய்ச்சியும் ஹெர்ரிங் மீன் பிடித்தும் பிழைத்த ஊர் கேம்பல்டவுன். 1823இல் மக்கினன் அங்கே பிறந்தார். ஊரிலேயே மளிகை வியாபாரம் கற்றார். பிறகு கிளாஸ்கோவுக்குப் போய் ஒரு பட்டுக் கிடங்கிலும், கீழைநாடுகளோடு வியாபாரம் செய்த ஒரு போர்ச்சுக்கீசிய வணிகரின் அலுவலகத்திலும் வேலை பார்த்தார். 1847இல், இருபத்து நான்கு வயதில், இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். வங்காளத்துப் பக்கம் ராபர்ட் மெக்கென்சி என்ற ஊர்க்காரர் ஏற்கனவே கடை வைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தார். இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். மக்கினன் மெக்கென்சி என்ற பெயர் அப்படிப் பிறந்தது.

தொடக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. கிளாஸ்கோவிலிருந்து துணி வரும், கல்கத்தாவிலிருந்து சரக்கு போகும். நூற்றுக்கணக்கான கம்பெனிகள் அதைத்தான் செய்தன, பாதி திவாலாயின. 1851இல் ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைத்ததும் இவர்களும் அந்தப் பக்கம் சரக்கு அனுப்பினார்கள். வியாபாரத்தை நேரில் பார்க்கப் போன மெக்கென்சி 1853இல் ‘அரோரா’ என்ற கப்பல் மூழ்கியதில் இறந்தார். கூட்டாளி போன பிறகும் பெயர்ப்பலகையில் அவர் பெயர் இருந்தது. நூறாண்டுக்கு மேலும் இருந்தது.

மக்கினனின் வாழ்க்கையைத் திருப்பியது சரக்கு அன்று, கடிதம். 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பிறகு கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்தது. கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே அரசாங்கக் காகிதங்கள் ஒழுங்காகப் போய்வர வேண்டும். காற்றை நம்பும் பாய்மரக் கப்பல் அதற்கு உதவாது. தபாலை நீராவிக் கப்பலில் கொண்டுபோக யார் வருகிறீர்கள் என்று கிழக்கிந்தியக் கம்பெனி கேட்டது. மக்கினன் வந்தார். 1856இல் கல்கத்தா அண்டு பர்மா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி உருவானது. மூலதனம் 35,000 பவுண்டு. ‘கேப் ஆஃப் குட் ஹோப்’, ‘பால்டிக்’ என்று இரண்டு சின்னக் கப்பல்கள்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், அவருடைய மொத்த வாழ்க்கையும் இதற்குள்தான் இருக்கிறது. அன்றைய நீராவிக் கப்பல் நிலக்கரியை வயிறு முட்டத் தின்றது. கரி வைக்கப் போக மீதி இடத்தில்தான் சரக்கு. வெறும் சரக்குக் கூலியை நம்பி ஒரு புதிய கடல்வழியில் மாதந்தோறும் குறித்த தேதியில் கப்பல் விட்டால் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் தபாலுக்காக அரசாங்கம் ஆண்டுதோறும் ஒரு தொகையை நிச்சயமாகத் தருகிறது என்றால், சரக்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கப்பல் கிளம்பும். தேதி தவறாமல் கிளம்புவதாலேயே வியாபாரிகள் அதில் சரக்கு ஏற்றுவார்கள். சரக்கு சேரச் சேர வேறு கப்பல்காரன் அந்த வழிக்கு வரத் தயங்குவான். தபால் பையின் எடை கொஞ்சம்தான். அது பிடித்துத் தருவதோ ஒரு கடல்வழி முழுவதும்.

அடுத்த ஆண்டே 1857 வந்தது. கலகத்தை அடக்க வேண்டிய அரசாங்கத்துக்குக் கப்பல்கள் தேவைப்பட்டன. இலங்கையிலிருந்து கல்கத்தாவுக்குச் சிப்பாய்களை ஏற்றிச் சென்றதில் மக்கினனின் கம்பெனிக்கும் பங்கு உண்டு. நல்ல வாடகை, அதைவிட நல்ல பெயர். 1862இல் பம்பாய் ஆளுநர் பார்ட்டில் ஃப்ரியரின் ஆதரவோடு பாரசீக வளைகுடாவுக்கும் தபால் ஒப்பந்தம் கிடைத்தது. கம்பெனி தன் பெயரை பிரிட்டிஷ் இந்தியா என்று மாற்றிக்கொண்டது. டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகளிலும் தபாலுக்கு மானியம் தருகிறார்கள் என்று தெரிந்ததும், 1866இல் அதற்கென்றே டச்சுப் பெயரில் தனிக் கம்பெனி தொடங்கினார். 1872இல் ஏடனிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜான்சிபார் தீவுக்கு. 1881இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கு. எங்கே ஓர் அரசாங்கம் தபாலுக்குப் பணம் கட்டத் தயாராக இருந்ததோ அங்கே மக்கினனின் ஆள் ஒருவர் ஒப்பந்தப் படிவத்தோடு காத்திருந்தார்.

தனியார் தொழில்முனைவின் மகத்துவத்துக்கு உதாரணமாக இப்படிப்பட்டவர்களைக் காட்டும்போது எனக்குச் சிரிப்பு வரும். மக்கினன் திறமைசாலி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவருடைய திறமை அரசாங்கத்தின் வாசலில் எப்போது போய் நிற்க வேண்டும், யாருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பதில் இருந்தது. சந்தையில் போட்டியிட்டு வென்ற மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. போட்டி வராமல் பார்த்துக்கொண்ட மனிதர்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பி.ஐ.யில் பங்கு வாங்கியவர்கள் பலர்; அதை நடத்தியது மட்டும் கல்கத்தாவின் மக்கினன் மெக்கென்சி. மேனேஜிங் ஏஜென்சி என்று சொல்வார்களே, அதுதான். கப்பலின் வருமானத்தில் ஏஜென்சிக்குக் கமிஷன். வருஷ முடிவில் கப்பல் கம்பெனிக்கு லாபம் வந்ததா இல்லையா என்பது பங்குதாரரின் தலைவலி; ஏஜெண்டுக்குக் கப்பல் ஓடினால் போதும். கப்பல் கட்டியது டம்பார்ட்டனில் இருந்த டென்னி குடும்பம், அவர்கள் பி.ஐ.யில் பங்குதாரர்களும்கூட. லண்டனில் கிரே டாஸ், வளைகுடாவில் கிரே மெக்கென்சி, ஜான்சிபாரில் ஸ்மித் மெக்கென்சி என்று துறைமுகத்துக்குத் துறைமுகம் ஒரு கிளை நிறுவனம்.

இவற்றில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் மக்கினனின் அக்கா தங்கை பிள்ளைகள், அண்ணன் தம்பி பிள்ளைகள், கின்டையர் பக்கத்து ஊர்க்காரர்கள். மக்கினனுக்குக் குழந்தை கிடையாது. ஆனால் உறவுக்காரப் பையன்களுக்குப் பஞ்சம் இல்லை. ஒருவனைக் கூப்பிட்டுக் கணக்கு பழக்குவது, கடல் கடந்து அனுப்புவது, சில ஆண்டுகள் கழித்துப் பங்கு கொடுப்பது. நகரத்தார் தங்கள் பையன்களை ரங்கூனுக்கும் பினாங்குக்கும் பெட்டியடிக்கு அனுப்பிப் பழக்கிய முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அந்தப் பையன்கள் ரங்கூனுக்குப் போனதும் பெரும்பாலும் பி.ஐ. கப்பலில்தான்.

அவர்கள் மட்டுமா போனார்கள்? பர்மாவின் நெல் வயல்களுக்கும் மலாயாத் தோட்டங்களுக்கும் போன தமிழர்களும் தெலுங்கர்களும் இலட்சக்கணக்கில் இந்தக் கப்பல்களின் மேல்தளத்தில் பயணம் செய்தவர்கள். படுக்கை அவரவருடையது. சிந்தித்துப் பார்த்தால் பி.ஐ.யின் செல்வம் முதல் வகுப்பு அறைகளிலிருந்து வந்ததல்ல. மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் பேசும் ‘ரஜூலா’ கப்பல் மக்கினன் காலத்துக்கு வெகு பின்னால், 1926இல், அவர் தொழில் கற்ற அதே கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்வந்த அந்தக் கப்பலின் மேல்தளத்தில் ஐயாயிரம் பேர் வரை ஏற்ற அனுமதி இருந்தது. ஒரு கப்பலில், ஐயாயிரம் பேர்.

சென்னையில் பி.ஐ.க்கு ஏஜெண்டு பின்னி கம்பெனி. தூத்துக்குடியில் ஏ அண்டு எஃப் ஹார்வி. ஹார்வி என்றதும் கோரல் மில்லும் 1908 வேலைநிறுத்தமும் நினைவுக்கு வரும்; கப்பலில் வ.உ.சி.க்கு எதிரியாக நின்ற கையும் ஆலையில் எதிரியாக நின்ற கையும் ஒன்றே. சுதேசிக் கம்பெனி இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகள் நாற்பதாயிரம் வெளியிட்டுப் பத்து லட்சம் மூலதனம் திரட்டத் திட்டமிட்டது. ‘காலியா’, ‘லாவோ’ என்று கப்பல்களும் வந்தன. கட்டணப் போரில் பி.ஐ. ஒரு வழியில் இழந்ததை இன்னொரு வழியில் எடுத்துக்கொள்ளும். ஐம்பது ஆண்டு மானியத்தில் கொழுத்த உடம்பு அது. சுதேசிக் கம்பெனிக்கு இருந்தது ஒரே வழி. அரசாங்கம் அதற்கு மானியம் தரவில்லை என்பது இருக்கட்டும். கம்பெனியை நடத்தியவரையே பிடித்துச் சிறையில் போட்டது. இதைச் சமமான இருவரின் வியாபாரப் போட்டியாக எழுதும் கட்டுரைகளை நான் பொறுமையாகப் படித்து முடித்ததில்லை.

மக்கினனுக்கு வருவோம். 1878 அக்டோபரில் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி விழுந்தது. ஐம்பது லட்சம் பவுண்டுக்கு மேல் பள்ளம். அந்த வங்கியில் பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு கிடையாது. நூறு பவுண்டு பங்கு வைத்திருந்தவர் 2,750 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. விதவைகளும் ஓய்வுபெற்ற பாதிரியார்களும் வீட்டை விற்றார்கள். இயக்குநர்கள் சிறைக்குப் போனார்கள். மக்கினன் 1870 வரை அதன் இயக்குநராக இருந்தவர். அவர் காலத்திலேயே ஓட்டை விழுந்துவிட்டது என்று சொல்லி வங்கிக் கணக்கை முடிக்க வந்தவர்கள் ஏறத்தாழ நான்கு லட்சம் பவுண்டு கேட்டு வழக்குப் போட்டார்கள். சமரசம் பேச மறுத்தார். நீண்ட வழக்கு. கடைசியில் நீதிமன்றம் அவர்மீது பொறுப்பு இல்லை என்றது. ஸ்காட்லாந்தின் பிராட்டஸ்டண்டு சபையான சுதந்திரத் திருச்சபையில் உறுதியான பற்றுள்ளவர் அவர். இந்த வழக்கைப் பணத்துக்காக அல்ல, மானத்துக்காகவே நடத்தினார் என்று அவர் ஆட்கள் சொன்னதில் உண்மை இருக்கக்கூடும். பணமும் சேர்ந்தே காப்பாற்றப்பட்டது.

ஐம்பது வயதைத் தாண்டிய அவருக்கு ஆப்பிரிக்க மோகம் பிடித்தது. ஜான்சிபார் வழியில் கப்பல் விட்டதிலிருந்து அங்கே சுல்தான் பர்காஷோடு பழக்கம். 1873இல் அடிமை வியாபாரத்தை நிறுத்தும்படி சுல்தானிடம் ஒப்பந்தம் வாங்கப் போனவர் மக்கினனின் பழைய நண்பர் ஃப்ரியர்தான். 1877இல் சுல்தான் தீவுக்கு எதிரே ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் தனக்கிருந்த ஆட்சியையே எழுபது ஆண்டுக் குத்தகைக்குத் தர முன்வந்தார். லண்டன் வெளியுறவு அலுவலகம் அசைந்து கொடுக்கவில்லை, பேச்சு முறிந்தது. அதே காலத்தில் பெல்ஜிய மன்னர் லியோபோல்டு கூட்டிய மாநாட்டுக்கும் போனார், காங்கோவுக்கான குழுவிலும் சேர்ந்தார். அடிமை வியாபாரத்தை ஒழிப்போம், நாகரிகத்தைப் பரப்புவோம் என்று மன்னர் பேசியதை மனதார நம்பியவர்களில் ஒருவர். காங்கோ இரயில் பாதை ஒப்பந்தம் தனக்கு வரும் என்றும் நம்பினார். மன்னர் அதை வேறு ஆட்களுக்குக் கொடுத்தார். லியோபோல்டின் காங்கோவில் பிறகு நடந்தது என்ன என்பது உலகம் அறிந்தது.

பிறகு எமின் பாஷா விவகாரம். சூடானில் மாட்டிக்கொண்ட எமின் என்ற ஆளுநரை மீட்க, ஆப்பிரிக்கப் பயணங்களுக்குப் பேர்போன ஸ்டான்லியை அனுப்புவது என்று முடிவு செய்து பணம் திரட்டியவர் மக்கினன். எகிப்து அரசாங்கம் 10,000 பவுண்டு தந்தது. மீட்பு என்பது வெளியே சொன்ன பேச்சு. போகும் வழியில் கிழக்கு ஆப்பிரிக்காவில் கம்பெனிக்கு நிலமும் ஒப்பந்தங்களும் கிடைக்கும், எமினிடம் யானைத் தந்தக் குவியலே இருக்கிறது என்று ஒரு கணக்கு. 1887இல் ஜான்சிபாரிலிருந்து ஸ்டான்லியும் நூற்றுக்கணக்கான சுமைதூக்கிகளும் பி.ஐ.யின் ‘மதுரா’ கப்பலில் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு காங்கோ முகத்துவாரத்துக்குப் போனார்கள். லியோபோல்டு அந்த வழியில்தான் போக வேண்டும் என்றார். காட்டுக்குள் பட்டினியும் நோயும் சண்டையும். போனவர்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. எமினோ மீட்கப்பட விருப்பமில்லாதவராக இருந்தார். எப்படியோ இழுத்துக்கொண்டு 1889 டிசம்பரில் கடற்கரைக்கு வந்தார்கள். கரையோர ஊரான பாகமோயோவில் நடந்த விருந்தில் எமின் ஜன்னல் வழியே விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டார், குணமானதும் ஜெர்மானியர்களிடம் வேலைக்குச் சேர்ந்தார். தந்தமும் இல்லை, எமினும் இல்லை. ஸ்டான்லிக்குப் புகழ், மக்கினனுக்கு பேரனட் என்ற பரம்பரைப் பட்டம். சுமைதூக்கிகளின் குடும்பங்களுக்குக் கிடைத்ததைப் பற்றி அந்த விருந்துகளில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

இதற்கிடையே 1887 மே மாதம் சுல்தானிடமிருந்து கடற்கரைப் பகுதிக்கு ஐம்பது ஆண்டுச் சலுகை கிடைத்தது. 1888 செப்டம்பரில் அரசி விக்டோரியாவின் சாசனம் வந்தது. இம்பீரியல் பிரிட்டிஷ் ஈஸ்ட் ஆப்பிரிக்கா கம்பெனி. ஆப்பிரிக்காவில் அதன் தலைமையிடம் இன்றைய கென்யாவின் துறைமுகமான மொம்பாசா. சுங்கம் வசூலிக்கலாம், வரி போடலாம், போலீஸ் வைக்கலாம், நாணயம் அடிக்கலாம். அடித்தார்கள். மொம்பாசா என்ற பெயரும் தராசுச் சின்னமும் பொறித்த ரூபாயும் பைசாவும். அந்தக் கரையில் கடை வைத்திருந்தவர்கள் குஜராத்திகள். அவர்களுக்கு ரூபாய்க் கணக்குத்தான் தெரியும்.

மக்கினன் தொழில் பழகிய உலகத்தில் அரசாங்கம் பணம் கொடுக்கும், ஆட்சியை அதுவே பார்த்துக்கொள்ளும்; கம்பெனி கப்பல் ஓட்டினால் போதும். இங்கே தலைகீழ். லண்டன் அரசாங்கம் ஒரு காகிதத்தை மட்டும் கொடுத்து, ஜெர்மானியர்கள் வருவதற்குள் உள்ளே போங்கள், ஆட்சியையும் நீங்களே நடத்துங்கள், செலவும் உங்களுடையது என்றது. மானியம் ஒரு காசு இல்லை. முதல் மூலதனம் சுமார் இரண்டரை லட்சம் பவுண்டு. உள்நாட்டிலிருந்து வரும் ஒரே உருப்படியான சரக்கு தந்தம். சாலை கிடையாது, ஈக்கள் மாட்டைக் கொல்லும், எல்லாம் மனிதத் தலைச்சுமை. மொம்பாசாவிலிருந்து யுகாண்டாவுக்கு எழுநூறு மைலுக்கு மேல். அந்தக் கூலியைக் கொடுத்துவிட்டு லாபம் தரக்கூடிய பண்டம் எதுவும் இல்லை.

தொடக்கத்திலேயே அடிமைப் பிரச்சினை. மொம்பாசாவுக்கு அருகே ரபாய் கிறிஸ்தவ மிஷனில் தப்பி வந்த அடிமைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கியிருந்தார்கள். அரேபிய எஜமானர்கள் திருப்பிக் கேட்டார்கள். கம்பெனியின் அதிகாரி ஜார்ஜ் மெக்கென்சி எஜமானர்களுக்கு நஷ்டஈடு கொடுத்து 1889 புத்தாண்டில் விடுதலைச் சீட்டு வழங்கினார். கம்பெனி செய்த காரியங்களில் மறுபேச்சு இல்லாமல் பாராட்டத் தக்கது இது ஒன்றுதான். லாபக் கணக்கில் இதுவும் செலவுப் பக்கம்.

1890இல் கம்பெனியின் ஆளாக கேப்டன் லுகார்டு யுகாண்டாவுக்குப் போனார். டிசம்பரில் மன்னர் முவாங்காவிடம் ஒப்பந்தம் வாங்கினார். அங்கே பிராட்டஸ்டண்டுகளும் கத்தோலிக்கர்களும் இரு கட்சிகளாக ஆயுதத்தோடு நின்றார்கள். 1892 ஜனவரியில் மன்னரின் தலைநகரான மெங்கோவில் மோதல் வெடித்தபோது லுகார்டின் துப்பாக்கிகள் பிராட்டஸ்டண்டுகளின் பக்கம் இருந்தன. லண்டனில் பங்குதாரர்கள் கஜானாவைப் பார்த்தார்கள். 1891லேயே யுகாண்டாவை விட்டு வெளியேறிவிடுவது என்று முடிவாகியிருந்தது. மிஷன் ஆதரவாளர்கள் பதறிப்போய் நன்கொடை வசூலித்துக் கொடுத்துக் கம்பெனியை இன்னும் ஓராண்டு அங்கே நிற்க வைத்தார்கள். வியாபாரக் கம்பெனி ஒன்றின் படையைத் தேவாலயக் காணிக்கை தாங்கிய விநோதம் வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

மக்கினன் கேட்டது அவர் எப்போதும் கேட்டதைத்தான். இரயில் பாதை போடுகிறோம், மூலதனத்துக்கு வட்டி உத்தரவாதம் கொடுங்கள் என்றார். இந்தியாவில் தனியார் இரயில் கம்பெனிகளுக்கு அரசாங்கம் அப்படிக் கொடுத்துத்தான் பாதைகள் வந்தன. பிரதமர் சால்ஸ்பரி பிரபுவுக்கு விருப்பம் இருந்தது. எதிர்க்கட்சி லிபரல்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பாதையை அளந்து பார்க்க மட்டும் 20,000 பவுண்டு தந்தார்கள். கம்பெனி தன் செலவில் மொம்பாசாவிலிருந்து சில மைல் தூரம் ஒரு குறுகிய தண்டவாளம் போட்டது. அது எங்கும் போய்ச் சேரவில்லை. உள்நாட்டுக்கு ஒரு மாட்டுவண்டிப் பாதை வெட்டும் பணி தொடங்கியது. மக்கினன் தன் சொந்தப் பணத்தையும் அதில் போட்டார். கென்யாவில் மக்கினன் ரோடு என்று இன்றும் ஓர் ஊர் இருக்கிறது.

1893 ஏப்ரல் 1ஆம் தேதி அரசாங்கத்தின் தூதர் சர் ஜெரால்டு போர்ட்டல் யுகாண்டாவின் கம்பாலாவில் கம்பெனிக் கொடியை இறக்கி அரசாங்கக் கொடியை ஏற்றினார். ஜூன் 22ஆம் தேதி மக்கினன் லண்டனில் பர்லிங்டன் ஹோட்டலில் இறந்தார். சோகத்தில் இறந்தார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எழுபது வயது என்பதையும் சேர்த்துப் படிக்கலாம். பேரனட் பட்டத்துக்கு வாரிசு இல்லை, அதுவும் அவரோடு போயிற்று. ஏஜென்சிக்கு வாரிசுப் பஞ்சம் வரவில்லை. 1874இல் கல்கத்தா அலுவலகத்தில் சேர்ந்த ஜேம்ஸ் மெக்கே என்ற ஸ்காட்டியப் பையன் பிற்காலத்தில் இஞ்ச்கேப் பிரபுவாகி, 1914இல் பி.ஐ.யை பி அண்டு ஓ என்ற இன்னொரு பெரிய கப்பல் கம்பெனியோடு இணைத்தார்.

1895இல் அரசாங்கம் ஆப்பிரிக்கக் கம்பெனியை இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அதில் இரண்டு லட்சம் ஜான்சிபார் சுல்தானின் பணம். தன் கரையோரத்தின் ஒரு பகுதியை ஜெர்மானியர்களுக்கு விட்டுக்கொடுத்ததற்காக அவருக்குக் கிடைத்த நஷ்டஈடு. குத்தகைக்குக் கொடுத்த நிலத்தைத் திரும்ப எடுக்க நில உரிமையாளரின் பையிலிருந்தே பணம் கொடுத்தார்கள். 1896இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் யுகாண்டா இரயில் பாதைக்கு முப்பது லட்சம் பவுண்டு ஒதுக்கியது. கட்டி முடிக்கும்போது செலவு ஐம்பது லட்சத்தையும் தாண்டிவிட்டது. இந்தியாவிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூலியாட்கள் அதற்கு வரவழைக்கப்பட்டார்கள். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்னால் மக்கினன் அவர்களிடம் கேட்டிருந்தது வட்டிக்கு ஓர் உத்தரவாதம் மட்டுமே.